‘கொஞ்சம் புகை விடுங்க!’

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு போட்டோவைப் பத்திப் பேசப்போறேன். நான் எடுத்த படங்கள்லயே அதிகம் பேர் பார்த்தது, அதிகம் பேர் ஷேர் பண்ணது அதுதான். மூணு வருஷமா என் பக்கத்துல மேல பின் பண்ணி வெச்சிருந்தேன். போன மாசம் எடுத்துட்டேன். நிறைய பேர் மெசேஜ் பண்ணி, “அந்த டார்ஜிலிங் படம் எங்க காணோம்?”னு கேட்டிருந்தீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு இந்த எபிசோட்.

படத்தைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். ஒரு தெரு வளைவு. ஒரு பக்கம் கடைகள், இன்னொரு பக்கம் வீடுகள். நடுவுல ஒரு சின்ன நீல நிற நீராவி எஞ்சின். அதோட புகைபோக்கியிலிருந்து கன்னங்கரேல்னு ஒரு புகைத்தூண். பாதி வானத்தை அது மூடியிருக்கும். கீழே நான் எழுதியிருந்த கேப்ஷன்: “140 வருஷக் கம்பீரம்.” கமெண்ட்ல நெருப்பு எமோஜியா குவிஞ்சுது.

அந்தப் படத்துல இருக்கிறது கம்பீரமே இல்லைங்கிறது எனக்கு அன்னைக்கே தெரியும். எடுத்த அரை மணி நேரத்துலயே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் போட்டேன். அதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல, இது ஊட்டி ரயில் இல்லை

நம்ம ஆட்கள்கிட்ட டார்ஜிலிங் ரயில்னு சொன்னா, “ஊட்டி ரயில் மாதிரிதானே?”ம்பாங்க. ரெண்டும் மலை ரயில், ரெண்டுமே யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. டார்ஜிலிங் 1999-ல, நீலகிரி 2005-ல. ஆனா வேலை செய்யிற விதம் வேற.

நீலகிரி ரயில் மீட்டர் கேஜ். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1,000 மில்லிமீட்டர். கல்லாறுக்கு மேல ஏற்றம் செங்குத்தாகும்போது, நடுவுல பல் வெச்ச இரும்புப் பட்டை ஒண்ணு ஓடும். எஞ்சினோட பல்சக்கரம் அதைப் பிடிச்சு ஏறும்.

டார்ஜிலிங் லைன் நேரோ கேஜ். வெறும் 610 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு அடி. உங்க வீட்டு வாசக்கதவோட அகலம்கூட இல்லை. பல்சக்கரமும் கிடையாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற உராய்வு, அவ்வளவுதான். அதை வெச்சுக்கிட்டு சமவெளியில நியூ ஜல்பைகுரியில கிளம்பி, 2,258 மீட்டர் உயரத்துல இருக்கிற கூம் ஸ்டேஷனைத் தொட்டு, கொஞ்சம் இறங்கி டார்ஜிலிங் போகும். மொத்தம் 88 கிலோமீட்டர். சில இடங்கள்ல இருபது சொச்சம் அடி போறதுக்குள்ள ஓரடி ஏறணும். ஏற முடியாத இடத்துல தன்னையே ஒரு சுத்து சுத்தி மேல வரும். அதுக்கும் இடமில்லாத இடத்துல முன்னாடி போய், பின்னாடி வந்து, மறுபடி முன்னாடி போகும். ‘இசட்’ எழுத்து மாதிரி.

1881-ல இந்த லைன் டார்ஜிலிங் வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. நாம படம் எடுக்கிற எஞ்சின்களுக்கு ‘பி கிளாஸ்’னு பேர். 1889-ல ஆரம்பிச்சு 1920-கள் வரைக்கும் மொத்தம் 34 எஞ்சின் கட்டினாங்க. பெரும்பாலானது கிளாஸ்கோவுல. மூணு அமெரிக்காவுல, பால்ட்வின் கம்பெனியில. மூணு இந்த லைன்லயே, திந்தாரியா பணிமனையில. நாலே சக்கரம், ஒவ்வொண்ணும் 26 அங்குலம். தண்ணித் தொட்டி பாய்லர் மேல குதிரைச் சேணம் மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். 2000-ல டீசல் எஞ்சின் வந்தது. அதுக்கப்புறம் நீராவி எஞ்சின்களோட வேலை குறைஞ்சு, இன்னைக்கு அவை அதிகமா ஓடுறது டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் நடுவுல சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான்.

அந்தப் படம் எடுத்த நாள்

நான் முதல் தடவை போனது ஒரு மழை முடிஞ்ச வாரம். கையில புது கேமரா. நூறு ரீல்ஸ் பார்த்துட்டுப் போயிருந்தேன். எல்லாத்துலயும் புகை. அதனால எனக்கும் புகை வேணும்.

காலையில டார்ஜிலிங் ஸ்டேஷன்ல எஞ்சின் பக்கத்துல போய் நின்னேன். ஃபயர்மேனுக்கு ஐம்பது வயசு இருக்கும். அங்கே மூத்தவங்களை ‘தாஜு’ன்னு கூப்பிடுவாங்க, நம்ம ஊர் அண்ணன் மாதிரி. எனக்குத் தெரிஞ்ச உடைஞ்ச ஹிந்தியில, “தாஜு, மேல வளைவுல நிப்பேன், கொஞ்சம் புகை விடுங்க”ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். “புகை விடாம இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்”னார். சும்மா கிண்டல் பண்றார்னு நெனச்சேன்.

ஓடிப்போய் ரோட்டு வளைவுல நின்னேன். எஞ்சின் வந்துச்சு. நான் எதிர்பார்த்ததுக்கு மேலயே புகை! கருமேகம் மாதிரி. அடிச்சுத் தள்ளினேன், முப்பது நாற்பது ஃப்ரேம். கூட நின்ன டூரிஸ்ட் எல்லாம் விசில் அடிச்சாங்க. ஆனா எஞ்சின் அந்த வளைவைத் தாண்டினதும் மெதுவாச்சு. இன்னும் மெதுவாச்சு. நின்னே போச்சு.

எனக்குப் பின்னாடி ஒரு அம்மா வீட்டு மாடியிலிருந்து ஏதோ கத்திக்கிட்டே துணியெல்லாம் உருவி உள்ளே இழுத்துக்கிட்டிருந்தாங்க. பல நாள் மழைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வெயில். ஒரு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை மேல புள்ளி புள்ளியா கரி. அவங்க என்னைப் பார்த்துக் கத்தலை. ஆனா விசில் அடிச்ச கூட்டத்துல நானும் இருந்தேன்.

எஞ்சின் பத்து நிமிஷம் அங்கேயே நின்னு, அப்புறம் கிளம்புச்சு. நான் ஷேர் ஜீப் பிடிச்சு கூம் போனேன். அங்கே வண்டி நின்னிருந்தப்ப, பெருமையா கேமரா ஸ்க்ரீனை அந்த ஃபயர்மேன்கிட்ட காட்டினேன். “பாருங்க தாஜு, புகை கெடைச்சுடுச்சு!”

அவர் முகம் சுருங்கிப்போச்சு. “இதையா எடுத்தீங்க?”ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “இன்னைக்குக் கரி நனைஞ்சு தூளா இருந்துச்சு. ஒரு இடத்துல நான் அதிகமாப் போட்டுட்டேன். நெருப்பு அமுங்கிடுச்சு. பிரஷர் விழுந்து வண்டி நின்னுடுச்சு. நீங்க எடுத்திருக்கிறது அதைத்தான்”னார்.

கரும்புகைன்னா என்ன?

அவர் சொன்னதை அப்புறமா நான் படிச்சும் புரிஞ்சுக்கிட்டேன். எளிமையாச் சொல்றேன்.

புகைபோக்கியிலிருந்து ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு, கரி எரிஞ்ச புகை. இன்னொண்ணு, சிலிண்டர்ல வேலை முடிச்ச நீராவி. அந்த நீராவியைத்தான் புகைபோக்கிக்குள்ள ஒரு குழாய் வழியா மேல ஊதி விடுவாங்க. அது வேகமா வெளியேறும்போது பின்னாடி நெருப்புப் பெட்டியிலிருந்து காத்தை உறிஞ்சி இழுக்கும். எஞ்சின் எவ்வளவு கஷ்டப்படுதோ அவ்வளவு காத்து நெருப்புக்குக் கிடைக்கும். நாம கேட்கிற ‘சுக்சுக்’ சத்தம் அந்த ஊதல்தான். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு ‘சுக்’.

கரி சரியா எரிஞ்சா புகை கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது, லேசான சாம்பல் நிறம் மட்டும் இருக்கும். கன்னங்கரேல்னு வருதுன்னா காத்து போதலை, கரி எரியாமலே தூளா மேல போகுதுன்னு அர்த்தம். அதாவது கரியும் வீண், சூடும் வீண். நம்ம வீட்டு விறகடுப்பைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். ஈர விறகைத் திணிச்சு அடுப்பை மூச்சு முட்ட வெச்சா பாட்டி என்ன சொல்வாங்க? “அடுப்பு மூட்டத் தெரியலை”ம்பாங்க. கரும்புகை விடுற எஞ்சினைப் பார்த்து இன்னொரு ஃபயர்மேன் நெனைக்கிறது அதேதான்.

அப்போ அந்த வெள்ளைப் புகை? அது புகையே இல்லை. நீராவி குளிர்ந்து துளியாகிறது. காத்து எவ்வளவு குளிரா இருக்கோ அவ்வளவு அடர்த்தியாத் தெரியும். வெயில் நாள்ல அதே எஞ்சின் அதே வேகத்துல போனாலும் ஒண்ணுமே தெரியாது.

ஆக, நான் என்ன பண்ணியிருக்கேன்? ஒருத்தர் முப்பது வருஷமா செய்யிற வேலையில, அவர் தடுமாறின ஒரு நிமிஷத்தைப் படம் எடுத்து, அதுக்கு ‘கம்பீரம்’னு பேர் வெச்சு, லட்சம் பேருக்குக் காட்டியிருக்கேன். அவர் முகம் படத்துல தெளிவாத் தெரியும். கூம்ல கிளம்பும்போது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “எங்க ஊர்ப் பசங்களும் பார்ப்பாங்க இல்ல?” நான் சிரிச்சு மழுப்பினேன். அன்னைக்கு ராத்திரியே அப்லோடு பண்ணேன்.

ஓய்வு பெற்ற எஞ்சின்கள்

இந்த வருஷம் ஜனவரியில மறுபடி போனேன். இந்தத் தடவை ஓடுற எஞ்சினைத் துரத்துறதில்லை, நின்னுபோனதை எடுக்கணும்னு முடிவு பண்ணியிருந்தேன். காரணம் சாதாரணம்தான். நின்ன எஞ்சின்கிட்ட புகை கேட்க முடியாது.

போற வழியில டெல்லியில இறங்கி, சாணக்யபுரியில இருக்கிற தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பி கிளாஸ் நிக்குது, நம்பர் 777. சுத்திலும் பெரிய பெரிய பிராட் கேஜ் எஞ்சின்கள். நடுவுல இது பொம்மை மாதிரி. ரெண்டு மணி நேரம் சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு நல்ல படமும் வரலை. எல்லாமே கேட்டலாக் படம் மாதிரி இருந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு எஞ்சினோட முன்பக்கக் கம்பியில சாய்ஞ்சு நின்னு அப்பாவுக்கு போஸ் கொடுத்துக்கிட்டிருந்தா. படம் எடுத்துட்டு அவங்க போயிட்டாங்க.

டார்ஜிலிங் வந்து அதே தாஜுவைப் பார்த்தேன். என்னை ஞாபகம் வெச்சிருந்தார். டெல்லி படங்களைக் காட்டினேன். அவர் அதுல எதைப் பார்த்தார் தெரியுமா? அந்தப் பொண்ணு சாய்ஞ்ச இடத்தை. “இங்கேதான் மணல் போடுறவங்க ரெண்டு பேர் உட்காருவாங்க”ன்னார்.

இதைக் கொஞ்சம் விளக்கணும். பல்சக்கரம் இல்லைன்னு சொன்னேன் இல்லையா? பனியும் மழையும் பட்டா தண்டவாளம் வழுக்கும். அதனால எஞ்சினோட மூக்குல, ஆளுக்கொரு பக்கமா ரெண்டு பேர் உட்கார்ந்து, கையால தண்டவாளத்து மேல மணல் தூவிக்கிட்டே வருவாங்க. ஓடுற எஞ்சினுக்கு முன்னாடி, குளிர்ல, மழையில. பாய்லர் பக்கத்துல கரிக்குவியல் மேல இன்னொருத்தர் உட்கார்ந்து பெரிய கட்டிகளை உடைச்சுப் பின்னாடி கொடுப்பார். டிரைவர், ஃபயர்மேன், கரி உடைக்கிறவர், மணல் போடுறவங்க ரெண்டு பேர். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அஞ்சு பேர்!

அதுக்கப்புறம்தான் நின்ன எஞ்சினை எப்படிப் பார்க்கணும்னு எனக்குப் பிடிபட்டுச்சு. கூம் ஸ்டேஷன்ல ‘பேபி சிவோக்’னு ஒரு குட்டி எஞ்சின் காட்சிக்கு நிக்குது. டார்ஜிலிங் ஷெட் வாசல்ல நெருப்பில்லாம சில நாள் ஒண்ணு ரெண்டு பி கிளாஸ் நிக்கும், ரோட்டிலிருந்தே தெரியும். முன்னாடின்னா எஞ்சின் முழுசா ஃப்ரேமுக்குள்ள வர்ற மாதிரி பின்னாடி பின்னாடி போவேன். இப்போ கிட்டப் போனேன். ஆள் இருந்த இடத்தைத் தேடினேன். படிக்கட்டு இரும்பு எந்த இடத்துல தேய்ஞ்சிருக்கு? கைப்பிடியில பெயின்ட் எங்கே மட்டும் நிக்காம பளபளன்னு இருக்கு? முன்கம்பியில ரெண்டு பேர் உட்கார எவ்வளவு இடம் இருக்கு? என் உள்ளங்கை அகலத்துக்கு மேல இருந்தா அதிகம். அந்த இடத்தை மட்டும் ஒரு படம். அதுல ஆள் இல்லை, எஞ்சினும் பாதிதான் இருக்கு. ஆனா அதைப் பார்க்கிறவங்க, “இங்கேயா உட்காருவாங்க?”ன்னு கேட்கிறாங்க. கரும்புகைப் படத்தைப் பார்த்து யாரும் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். டெல்லியில நிக்கிறது 777. அதுக்கு அடுத்த நம்பர் 778 எங்கே இருக்கு தெரியுமா? 1889-ல கட்டினது. 1962-ல ஒரு அமெரிக்கர் வாங்கிக் கப்பல்ல கொண்டுபோனார். நாற்பது வருஷம் கழிச்சு இங்கிலாந்துல ஒருத்தர் வாங்கி, சரிபண்ணி, மறுபடி ஓட வெச்சார். அடுத்தடுத்த நம்பர் ரெண்டு. ஒண்ணு டெல்லியில காட்சிக்கு நிக்குது, இன்னொண்ணு கடல் தாண்டிப் போய் மறுபடி நீராவி பிடிச்சுது. எஞ்சின் தானா ஓய்வு பெறுறதில்லை. பாய்லருக்குச் செலவு பண்ண யாராவது இருக்காங்களா, நெருப்பு போடத் தெரிஞ்ச கை இருக்கா, அதைப் பொறுத்துத்தான். நம்ம பொன்மலைப் பணிமனையில நீலகிரிக்காக இந்த நூற்றாண்டுல புதுசாவே நீராவி எஞ்சின் கட்டியிருக்காங்க. இரும்பை மறுபடி வார்க்கலாம். நனைஞ்ச கரியைக் கையில எடுத்த உடனே எவ்வளவு போடணும்னு தெரியுற ஆளை அப்படி வார்க்க முடியாது.

போகப்போறவங்களுக்கு

சரி, இதைக் கேட்டுட்டு நீங்களும் போகப் போறீங்கன்னா, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சிலது.

டிசம்பர், ஜனவரியில போங்க. காலையில முதல் வண்டிக்குப் போங்க. குளிருக்கு வெள்ளை நீராவி தானாகவே அழகா நிக்கும், யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். வெயில் எதிர்ப்பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது, நீராவி உள்ளிருந்து ஒளிர்ற மாதிரி தெரியும்.

நின்ன எஞ்சினுக்கு மேகமூட்டமான நாள் நல்லது. உச்சி வெயில் பெயின்ட் மேல பளீர்னு அடிச்சுத் தேய்மானத்தை மறைச்சிடும். கறுப்பு இரும்பை எடுக்கும்போது கேமரா ஏமாந்து படத்தை வெளுப்பாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைங்க. போன்னா, திரையில எஞ்சினைத் தொட்டுட்டு விரலைக் கீழே இழுங்க, போதும்.

தண்டவாளத்துக்கு நடுவுல நிக்காதீங்க. இந்த ரயில் மெதுவாத்தான் வரும், அந்தத் தைரியத்துலதான் ஆட்கள் கடைசி நொடி வரைக்கும் நிக்கிறாங்க. எஞ்சினோட எடை சுமார் 15 டன். ஈரத் தண்டவாளத்துல பிரேக் பிடிச்ச உடனே அது நிக்காது. ஷெட்டுக்குள்ள போகணும்னா அனுமதி கேட்டுட்டுப் போங்க.

அப்புறம், எடுத்த படத்தை அதுல இருக்கிறவங்ககிட்ட காட்டுங்க. காட்டிட்டு, அவங்க முகத்தைப் பாருங்க. நான் பார்த்தேன், ஆனா கண்டுக்கலை.

போன மாசம் அந்தப் படத்தை எடுத்ததும் தாஜுவுக்கு மெசேஜ் போட்டேன். மூணு வருஷம் லேட்டுதான். கூடவே ஜனவரியில எடுத்த ஒரு படத்தையும் அனுப்பினேன். அவர் எஞ்சின்தான். காலை வெயில், வெள்ளை நீராவி, புகைபோக்கிக்கு மேல வானம் சுத்தமா இருக்கு. ஓரத்துல ஒரு மாடி, கொடியில துணி காயுது. யாரும் ஓடி வந்து உருவலை.

அவர்கிட்டேயிருந்து பதில் வர ரெண்டு நாள் ஆச்சு. “பிரஷர் அன்னைக்கு நல்லா இருந்துச்சு”ன்னு மட்டும் எழுதியிருந்தார். இப்போ என் பக்கத்துல பின் பண்ணியிருக்கிறது அந்தப் படம். லைக் ரொம்பக் கம்மி. போய்ப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.